15 ஆண்டு நிறையும் ஃபோர் வீல் டிரைவ் வண்டியை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

கமண்டலக்கரை:

அனைவருக்கும் வணக்கம். ஒரு மாதமாகக் கூட்டிக் கழித்துப் பார்த்தும் முடிவுக்கு வர முடியாத ஒன்றை உங்கள் முன் வைக்கிறேன். எங்கள் வீடு திருவான்மியூரில், கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. வீட்டில் 2011 மார்ச்சில் பதிவான 2.2 லிட்டர் டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்று உள்ளது. இதுவரை 1,86,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வரும் மார்ச்சோடு பதிவுக்கு 15 ஆண்டு நிறைகிறது. புதுப்பித்து இன்னும் ஐந்து ஆண்டு ஓட்டுவதா, இப்போதே கொடுத்துவிட்டு வேறு வண்டி எடுப்பதா என்பதுதான் என் கேள்வி.

ஆண்டின் பெரும்பகுதி வண்டி சென்னைக்குள்தான் ஓடுகிறது. பெருங்குடியில் அலுவலகம், மகளின் பள்ளி, கடை கண்ணி, அவ்வளவுதான். மாதம் ஒரு முறை, சில மாதங்களில் இரண்டு முறை, ஆரணி வழியாகப் படவேட்டுக்குப் போகிறோம். ஜவ்வாது மலை அடிவாரத்தில், செண்பகத்தோப்பு அணைக்குப் போகும் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வாழைத்தோப்பு இருக்கிறது. அம்மா அங்கேதான் இருக்கிறார். தார்ச்சாலை முடிந்த பிறகு இரண்டு கிலோமீட்டர் செம்மண் தடம், நடுவில் ஓர் ஓடை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த ஓடையைத் தாண்டி மேடேறும் இடம் சோப்புக்கட்டி போல வழுக்கும். லோ கியரில் போட்டு நான்கு சக்கரமும் சேர்ந்து இழுத்தால்தான் வண்டி ஏறும். என் கணக்கில் ஆண்டுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து நாள்தான் ஃபோர் வீல் டிரைவ் உண்மையாகத் தேவைப்படுகிறது. ஆனால் அந்த நாட்களில் அது இல்லையென்றால் அம்மாவைப் போய்ப் பார்க்கவே முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியில் மாட்டிக்கொண்ட என் தங்கையையும் அவள் குழந்தைகளையும் இந்த வண்டியில்தான் கொண்டுவந்து சேர்த்தேன். அன்று தண்ணீர் சக்கரத்தின் மையத்துக்கு மேல் நின்றது.

வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக், கிளட்ச் செட், நான்கு இன்ஜெக்டர்கள், முன்பக்க சஸ்பென்ஷன் புஷ்கள், ஏசி கண்டென்சர் எல்லாமாகச் சேர்த்து 1,80,000 ரூபாய் ஆகும் என்கிறார். பழைய வண்டி வாங்குபவர் ஒருவர் இப்போதுள்ள நிலையிலேயே 2,60,000 தருவதாகச் சொல்கிறார். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விற்பதுதான் சரி என்று தோன்றுகிறது. ஆனால் அந்த மேட்டில் ஏறக்கூடிய புதிய வண்டியின் விலையைக் கேட்டதும் அந்தத் தெளிவு போய்விடுகிறது.

என்னை உண்மையில் கலங்க வைத்தது வேறொன்று. போன ஞாயிற்றுக்கிழமை பின்சக்கரத்தின் உட்புறச் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தபோது வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸின் ஓரத்தில் கை பட்டது. துரு அப்பளம் போல அடுக்கடுக்காகப் பெயர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. விரல் நீளத்துக்கு ஒரு சில்லு, வளைத்தால் நொறுங்கியது. அதைப் பார்த்த என் மனைவி, ஏர்பேக் இல்லாத வண்டியில், அதுவும் துருப்பிடித்த வண்டியில், பதினொரு வயது மகளை இன்னும் ஐந்து ஆண்டு நெடுஞ்சாலையில் கூட்டிப் போகப் போகிறீர்களா என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அனுபவமுள்ளவர்கள் எதை முதலில் பார்ப்பீர்கள் என்று சொல்லுங்கள்.


பாடி பட்டறை:

வணக்கம். மகள் பள்ளியில் படிப்பதாக எழுதியிருப்பதால் உங்களைத் தம்பி என்றே அழைக்கிறேன். 31 ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கிறேன். அந்த 1,80,000 ரூபாய்ப் பட்டியலைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். கிளட்ச், இன்ஜெக்டர், புஷ், கண்டென்சர் எல்லாம் தேய்மானப் பொருள்கள். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிதாகக் கிடைக்கும். புதுப்பேட்டையில் தேடினால் கழற்றிய உதிரிபாகமும் கிடைக்கும். கடையில் வாங்க முடியாத ஒன்று உங்கள் வண்டியில் உண்டென்றால் அது அந்த சேஸிஸ்தான். லேடர் பிரேம் என்னும் ஏணி வடிவ அடிச்சட்டம் உள்ள வண்டியில் எஞ்சின், கியர்பாக்ஸ், இரண்டு அச்சு, மேலே உள்ள பாடி என்று எல்லாமே இரண்டு நீளமான இரும்புச் சட்டங்களின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. அது நன்றாக இருந்தால் மற்ற எல்லாச் செலவுக்கும் அர்த்தம் உண்டு. அது போய்விட்டால் புது எஞ்சினே போட்டாலும் வீண்தான்.

பார்க்கும் முறையைச் சொல்கிறேன். லிஃப்டில் ஏற்றி, கீழ்ப்பகுதி முழுவதையும் அழுத்தமாகத் தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லுங்கள். ஒரு நாள் காயவிட்ட பிறகு சிறிய சுத்தியலால் சட்டத்தின் நீளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போக வேண்டும். கெட்டியான இரும்பு கணீரென்று பேசும். உள்ளே அரித்துப்போன இடத்தில் ஓசை மடங்கிப் பொத்தென்று விழும். அந்த இடங்களில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்திப் பார்க்க வேண்டும். மேல்தோல் மட்டும் உரிந்து, கீழே இரும்பு கெட்டியாக இருந்தால் பயமில்லை. உங்கள் கையில் விழுந்த சில்லு அப்படிப்பட்டதாகவும் இருக்கலாம், ஏனென்றால் ஒரு மில்லிமீட்டர் இரும்பு துருவானால் அதைப்போலப் பல மடங்கு பருமனாக உப்பி நிற்கும். பார்ப்பதற்கு நிலைமை உள்ளதைவிட மோசமாகத் தெரியும். ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போய்விட்டால் அது ஓட்டை. அந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி.

பின் அச்சுக்கு மேலே சட்டம் வளைந்து ஏறும் இடம், பாடி புஷ் என்னும் ரப்பர் உட்காரும் தாங்கிகள், கடைசியில் உள்ள குறுக்குச் சட்டம் ஆகிய மூன்றும் முதலில் அரிக்கும். பெட்டி வடிவச் சட்டத்தில் தண்ணீர் வடிய ஓட்டைகள் விட்டிருப்பார்கள். அவை செம்மண்ணால் அடைபட்டு, கடற்காற்றின் உப்பும் உள்ளே சேர்ந்தால் சட்டம் உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். வாரம் முழுக்க உப்புக் காற்றில் நின்றுவிட்டு மாதம் ஒரு முறை ஓடையில் இறங்கும் வண்டிக்கு இது எதிர்பார்க்க வேண்டியதுதான். குறுக்குச் சட்டத்தில் ஓட்டை என்றால் அழுகிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டு நல்ல பருமனுள்ள தகடு வைத்துப் பற்றவைக்கலாம். பற்றவைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். ஸ்டியரிங் பெட்டி பொருந்தும் இடத்திலோ சஸ்பென்ஷன் கைகள் பிடிக்கும் இடத்திலோ ஓட்டை என்றால் அதற்குமேல் யோசிக்க வேண்டாம், வண்டியை நிறுத்திவிடுங்கள். இன்னொன்று: துருவின் மேலேயே கறுப்பு அண்டர்கோட்டிங் அடித்துப் பளபளவென்று திருப்பித் தருவார்கள். அதைப் போல வண்டிக்குச் செய்யும் கெடுதல் வேறில்லை. ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு அரிப்பு இன்னும் வேகமாகும், யாருக்கும் தெரியவும் தெரியாது.

மிக்ஜாமில் தண்ணீரில் ஓட்டினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதன் பிறகு அச்சுகளின் நடுவே உள்ள பற்சக்கரப் பெட்டிகளான இரண்டு டிஃபரென்ஷியல்களின் ஆயிலையும், விசையை இரண்டு அச்சுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் ஆயிலையும் மாற்றினீர்களா? ஓடிச் சூடான அச்சு திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் மூழ்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சுவாசக் குழாய் வழியாகவும் தேய்ந்த ஆயில் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிவிடும். வடிகால் போல்ட்டைத் திறந்து ஆயிலைப் பாருங்கள். பால் விட்ட டீ போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

நான்கு இன்ஜெக்டரையும் ஒரே நேரத்தில் மாற்றச் சம்மதிக்காதீர்கள். திரும்பி வரும் டீசலை நான்கு சிறு குப்பிகளில் பிடித்து அளந்தால் எது கெட்டது என்று பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளுகிறதா என்றும் பாருங்கள். தள்ளாவிட்டால் அந்த எஞ்சினில் இன்னும் உயிர் இருக்கிறது. ஃபோர் வீல் டிரைவை மாதம் ஒரு முறையாவது மண் தரையில் போட்டு நூறு மீட்டர் ஓட்டுங்கள். காய்ந்த தார்ச்சாலையில் மட்டும் போட வேண்டாம்; திருப்பத்தில் முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு தூரம் உருள வேண்டியிருப்பதால் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும்.


ஓய்வுபெற்ற சர்வேயர்:

வாகனக் காப்பீட்டில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பட்டறைக்காரர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். பணமும் காகிதமும் பற்றி மட்டும் சேர்க்கிறேன். டெல்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் எதிராக வந்த உத்தரவுகளைச் செய்தியில் படித்துவிட்டுப் பலரும் இங்கே பதறி விற்கிறார்கள். அவை தேசியத் தலைநகர் பகுதிக்கானவை. தமிழ்நாட்டில் உங்கள் டீசல் வண்டியின் பதிவை ஐந்து ஆண்டுக்குப் புதுப்பிக்க முடியும். படிவம் 25 கொடுத்து, திருவான்மியூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியை நேரில் காட்ட வேண்டும். காலாவதி நாளுக்கு முந்தைய 60 நாளுக்குள்தான் விண்ணப்பம் ஏற்பார்கள். 2022 ஏப்ரல் முதல் காருக்கான கட்டணம் 5,000 ரூபாய். தாமதித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடும். இதோடு பசுமை வரி உண்டு. புகைச் சான்றும் காப்பீடும் நடப்பில் இருக்க வேண்டும். 20 ஆண்டு தாண்டிய கார்களுக்குக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக்கிவிட்டார்கள் என்பதையும் மனத்தில் வையுங்கள். ஆகவே இந்த முடிவு ஐந்து ஆண்டுக்கானது, அதற்குமேல் நீட்டிப் பார்க்க வேண்டாம்.

மாற்றுவதன் செலவு பலருக்கும் ஷோரூமுக்குள் போன பிறகுதான் உறைக்கிறது. 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி 13 விழுக்காடு, 10 முதல் 20 லட்சம் வரை 18 விழுக்காடு, அதற்கு மேல் 20 விழுக்காடு. 15 லட்ச ரூபாய் வண்டிக்கு வரி மட்டும் 2,70,000. உங்கள் பழைய வண்டிக்குக் கேட்ட விலையைவிட அதிகம். 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி குறைந்தது உண்மைதான். ஆனால் நான்கு மீட்டருக்குள் நீளமும், பெட்ரோலில் 1,200 சிசிக்குள், டீசலில் 1,500 சிசிக்குள் எஞ்சினும் உள்ளவற்றுக்குத்தான் 18 விழுக்காடு. மஹிந்திரா தார் வண்டியின் 2.2 லிட்டர் டீசல் ஃபோர் வீல் டிரைவ் 40 விழுக்காட்டில்தான் வரும். மாருதி ஜிம்னி நான்கு மீட்டருக்குள் அடங்கினாலும் அதன் பெட்ரோல் எஞ்சின் 1,462 சிசி என்பதால் அதுவும் 40 விழுக்காடுதான்.

காப்பீட்டில் 1,500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் ஆண்டுக்கு 7,897 ரூபாய், மேலே ஜிஎஸ்டி. வண்டி பழையதானாலும் இது குறையாது. சேஸிஸ் தேறாது என்று தெரிந்தால் தயவுசெய்து தெருமுனைப் பழைய இரும்புக் கடையில் கொடுத்துவிடாதீர்கள். பதிவுபெற்ற வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைத்து வைப்புச் சான்றிதழ் வாங்கி, பதிவை ரத்து செய்யுங்கள். ரத்தாகாத ஆர்சியோடு போன வண்டியின் பெயரில் எது நடந்தாலும் முதலில் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.


அடையாறு அம்மா:

சகோதரருக்கு வணக்கம். உங்கள் மனைவி கேட்ட கேள்விக்கு மேலே இருவருமே பதில் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். 2019 ஜூலைக்குப் பிறகுதான் நம் நாட்டில் விற்கும் கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமானது. 2022 ஜனவரியிலிருந்து முன்னிருக்கைப் பயணிக்கும் கட்டாயம். 2023 அக்டோபரில் பாரத் என்கேப் மோதல் சோதனை வந்தது. 2011-இல் வாங்கிய வண்டி இவை எல்லாவற்றுக்கும் முந்தியது. உயரமான, கனமான வண்டி என்பதால் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை நமக்கு இருக்கிறது. எனக்கும் இருந்தது. திண்டிவனம் அருகே ஒரு நாள் லாரி ஒன்று குறுக்கே வந்தபோது எங்கள் பழைய வண்டியை நான் சட்டென்று திருப்ப, ஒரு பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு லேசாக எழும்பி இறங்கின. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பின்னிருக்கையில் என் மகன் அம்மா என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் வண்டியை மாற்றினோம். புதிய வண்டியில், சட்டென்று திருப்பும்போது வண்டி நிலைதவறாமல் தானே பிரேக் பிடிக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இருக்கிறது. அந்த ஒன்றுக்காகவே கொடுத்த பணத்தை நான் பெரிதாக நினைக்கவில்லை.

புதிய டீசல் வண்டி எடுப்பதாக இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பிஎஸ் 6 என்னும் இப்போதைய மாசு விதிப்படி வரும் டீசல் வண்டியின் புகைபோக்கியில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. கரி சேரச் சேர அதைச் சூடேற்றி எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள, வண்டி சிறிது நேரம் நிற்காமல் ஓட வேண்டும். அடையாறுக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓட்டினால் அது நடக்காது. முதல் ஆண்டில் இரண்டு முறை எனக்கு எச்சரிக்கை விளக்கு எரிந்தது. இப்போது பதினைந்து நாளுக்கு ஒரு முறை கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை சீரான வேகத்தில் போய் வருகிறோம். அதன் பிறகு அந்தத் தொல்லை இல்லை. பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் மட்டும் என்றால் பெட்ரோல்தான் பொருத்தம்.


ஆரணிச் சாலை:

அண்ணா, நான் சந்தவாசல் பக்கத்துக்காரன், உங்கள் ஓடையை எனக்குத் தெரியும். நீங்கள் ஒரே வண்டியிடம் இரண்டு வேலை கேட்கிறீர்கள். உப்புக் காற்றில் வாரம் முழுக்க நிற்பதுதான் வண்டியைத் தின்கிறது. சென்னையில் அதற்கு வேலையும் இல்லை. சேஸிஸ் தேறினால் வண்டியைத் தோப்பிலேயே வைத்துவிட்டு, சென்னைக்குள் ஓட்டச் சிறிய கார் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். சர்வேயர் ஐயா சொன்ன 18 விழுக்காடு ஜிஎஸ்டியில் ஆறு ஏர்பேக் உள்ள கார்களே கிடைக்கின்றன. தார்ச்சாலை முடியும் இடம் வரை அதில் வந்து, அங்கிருந்து பழைய வண்டிக்கு மாறுங்கள். ஆனால் ஓட்டாமல் நிறுத்திவைத்தால் இங்கேயும் கெடும். வாரம் ஒரு முறை உரிமம் உள்ள ஒருவர் பத்து கிலோமீட்டராவது ஓட்ட வேண்டும். காப்பீட்டை விட்டுவிடக் கூடாது. எலி வயரைக் கடிக்கும், அதனால் வைக்கோல் போர் பக்கம் நிறுத்த வேண்டாம். மாட்டுக் கொட்டகையும் வேண்டாம், கோமியத்தின் காரம் இரும்பைச் சும்மா விடாது.


கமண்டலக்கரை:

இத்தனை பொறுமையாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து, செய்ததைச் சொல்ல வந்திருக்கிறேன்.

வண்டியை லிஃப்டில் ஏற்றிக் கழுவி, மறுநாள் நானே கூட நின்று தட்டிப் பார்த்தோம். முன்பக்கமிருந்து பின் அச்சு வரை கணீரென்ற ஓசைதான். பின் அச்சுக்கு மேல் வளையும் இடத்தில் துருவைச் சுரண்டி எடுத்த பிறகும் கீழே கெட்டியான இரும்பு இருந்தது. என் கையில் விழுந்த சில்லு அங்கிருந்து வந்ததுதான். கடைசிக் குறுக்குச் சட்டத்தின் வலது முனையில் மட்டும் ஓசை மடங்கியது. ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினேன், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை விழுந்து, உள்ளிருந்து ஒரு கைப்பிடி ஈரச் செம்மண் கொட்டியது. மழை நின்று பத்து நாள் ஆகியும் அந்த மண் காயவில்லை. அந்தப் பகுதியை வெட்டி எடுத்துத் தகடு வைத்துப் பற்றவைத்து, வடிகால் ஓட்டைகள் எல்லாவற்றையும் கம்பி விட்டுத் திறந்தோம். சட்டத்தின் உட்புறத்தில் மெழுகு பீய்ச்சியாயிற்று. கறுப்புப் பூச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பட்டறை ஐயா கேட்ட கேள்விக்குப் பதில்: 2023-க்குப் பிறகு ஆயில் மாற்றவில்லை. பின் டிஃபரென்ஷியல் போல்ட்டைத் திறந்ததும் நீங்கள் சொன்ன அதே பால் விட்ட டீ நிறம். ஒரு பேரிங் அரித்திருந்தது, மாற்றினோம், பற்சக்கரங்கள் தப்பிவிட்டன. முன் டிஃபரென்ஷியலும் டிரான்ஸ்ஃபர் கேஸும் சுத்தமாகவே இருந்தன. குப்பியில் அளந்ததில் மூன்றாவது இன்ஜெக்டர் மட்டும்தான் கெட்டிருந்தது. கிளட்ச், புஷ்கள், பிரேக் ஹோஸ்கள் உட்பட எல்லாமாக 1,04,000 ரூபாய் ஆயிற்று. ஏசி கண்டென்சரை மாற்றவில்லை, தோப்புக்குள் அது தேவையில்லை.

ஆம், வண்டி படவேட்டுக்குப் போகிறது. அடையாறு சகோதரி எழுதியதை என் மனைவி இரண்டு முறை படித்தார். மகள் இனி இந்த வண்டியில் நெடுஞ்சாலையில் வரமாட்டாள் என்பது எங்கள் வீட்டில் முடிவாகிவிட்டது. சென்னைக்கு ஆறு ஏர்பேக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் உள்ள சிறிய பெட்ரோல் கார் ஒன்றுக்கு முன்பணம் கட்டியிருக்கிறோம். ஜனவரி நான்காம் வாரத்தில் படிவம் 25 கொடுத்து வண்டியைக் காட்டப் போகிறேன். பதிவு கைக்கு வந்ததும் மாசி மாதத்தில் கொண்டுபோய் விடுவேன். பக்கத்துத் தோப்புத் தம்பி டிராக்டரும் காரும் ஓட்டுபவர். வாரம் ஒரு முறை எடுத்து ஓட்டச் சம்மதித்திருக்கிறார். அம்மாவிடம் சொன்னபோது, களத்தை ஒட்டிய ஓட்டுச் சாய்ப்பில் இருந்த வைக்கோலை மறுநாளே அப்புறப்படுத்திவிட்டார்.

ஆரணிச் சாலைத் தம்பிக்கு ஒரே ஒரு கேள்வி. அந்தச் சாய்ப்பின் தரை மண்தான். அடியில் ஈரம் ஏறாமலிருக்கக் கருங்கல் பாவினால் போதுமா, சிமென்ட் தளமே போட வேண்டுமா? உங்கள் ஊர் மண்ணுக்கு எது சரி என்று சொன்னால் பொங்கலுக்கு வரும்போதே கொத்தனாரிடம் சொல்லிவிட்டு வருவேன்.